37 ஆண்டு பயின்ற ஆசிரியர்

1909 ஆம் ஆண்டு. காரைக்காலை அடுத்த நிரவி என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தமிழாசிரியர் ஒருவர் வந்து சேருகிறார். வயது 18. புதுவைக் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, தேர்வில் முதல்வராகத் தேறி, பிரெஞ்சு அரசின் பணி ஆணையைப் பெற்று வருகிறவர். பெயர் கனக. சுப்புரத்தினம்.

பின்னாளில் தமிழகம் பாவேந்தர் பாரதிதாசன் என்று பாராட்டியதே, அவரைத்தான் சொல்கிறோம். அவர் பாட்டு முழங்காத மேடையில்லை. அவர் படம் தொங்காத படிப்பகமில்லை. ஆனால், 1909 இல் தொடங்கி 1946 இல் ஓய்வு பெறும் வரை, ஏறத்தாழ 37 ஆண்டுக் காலம் புதுவை மாநிலத்துப் பள்ளிகளில் கையில் சுண்ணக்கட்டியோடு நின்றாரே ஒரு வாத்தியார், அவரை நினைப்போர் எத்தனை பேர்? பாட்டைக் கண்டோம், பள்ளியைக் காணவில்லை. கவிஞரைக் கொண்டாடினோம், கற்பித்தவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

நாம் எடுக்கிறோம். அதற்குக் காரணம் நம் தன்னலமே என்று சொன்னாலும் தவறில்லை. அதே புதுவையில், அதே தமிழைக் கற்பித்துக் கூலி பெறும் இளைஞர் கூட்டம் நாம். கலைப் பட்டத்தின் மை உலருமுன் கரும்பலகை முன் நிறுத்தப்பட்டவர்கள். ஒருவர் நல்லாசிரியர் ஆவது எப்படி, ஆனபின் ஆண்டுக்கு ஆண்டு தேயாமல் வளர்வது எப்படி என்ற கேள்வி நமக்கு வயிற்றுக் கேள்வி. அதற்கு விடை தேட இந்த ஊரிலேயே இப்படி ஒரு வாழ்வு இருக்கும்போது வேறெங்கே போவது?

நிரவிக்கு வந்த அந்த இளைஞர் எதைக் கற்று வந்தார்? தொடக்கக் கல்வி திருப்புளிசாமி ஐயாவிடம். பிறகு புலவர் பெரியசாமி, பங்காரு பத்தர் ஆகியோரிடம் இலக்கணம், இலக்கியம், சைவ சித்தாந்தம். பிரெஞ்சுப் பள்ளியின் நிழலிலும் சிறிது காலம் இருந்தார் எனினும், அவரை ஆக்கியது தமிழ்ப் புலவர் மரபே. அந்த மரபின் அடிவாரம் திண்ணைப் பள்ளிக்கூடம்.

திண்ணைப் பள்ளியைப் பொன்னுலகம் என்று புகழ்வாரும் உண்டு. அது பொன்னுலகமுமன்று, வெறும் புழுதியுமன்று. மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தான் பிள்ளை. எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு என எல்லாம் குரலெடுத்து முறை சொல்லி நெஞ்சில் ஏற்றினான். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்க்குச் சொல்லிக் கொடுத்தான். நினைவாற்றலுக்கு அது நல்ல உலைக்களம். ஆனால் ‘ஏன்?’ என்று கேட்ட வாய்க்கு அங்கே இடமில்லை, பிரம்புக்கு இருந்தது. கோதண்டம் என்று பெயரிட்டுப் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்ட கொடுமையும் இருந்தது. ஒடுக்கப்பட்டவன் வீட்டுப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது; பெண்பிள்ளை ஏறியது அரிதிலும் அரிது.

அத்திண்ணைப் பள்ளி கடல் கடந்து போன கதை ஒன்றுண்டு. அது ஆசிரியர்களுக்குச் சற்றுச் சுடக்கூடிய கதை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் ஆதரவற்றோர் பள்ளிக்குத் தலைவரானார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை ஒருநாள் கண்டார். ‘இதையே நம் பள்ளியிலும் செய்வோம்’ என்றார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் முகம் சுளித்தனர், முடியாது என்றனர். பெல் பார்த்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். 1797 இல் பெல் இதை ஏடாக்கி இலண்டனில் வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவரை மலிவாகப் படிப்பிக்கும் பட்டறையாக அது பிற்காலத்தில் மாறியது வேறு கதை. நாம் இங்கே கவனிப்பது அந்த எழும்பூர் ஆசிரியர்களை. அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். தாம் படித்து முடித்துவிட்டதாக எண்ணியவர்கள். அதனால் எட்டு வயதுப் பையனிடம் தோற்றார்கள்.

இனி, புலவர் மரபின் மேல்மாடத்துக்குப் போவோம். இலக்கணம் கற்ற எவரும் நன்னூலைத் தொடாமல் வந்திருக்க முடியாது. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி என்ற சமண முனிவர் செய்த அந்நூலின் வாயிலிலேயே, ஆசிரியன் யார், ஆகாதவன் யார், மாணாக்கன் எத்தகையவன் என்ற ஆராய்ச்சி நிற்கிறது. எழுத்திலக்கணத்துக்கு முன் எழுத்தைக் கற்பிப்பவனுக்கு இலக்கணம்! வேறெந்த நாட்டு இலக்கண நூல் இப்படித் தொடங்குகிறதோ நாம் அறியோம்.

ஆகாத ஆசிரியனுக்குப் பவணந்தி சொல்லும் உவமைகளைப் பாருங்கள். கழற்சிக்காய் இட்ட குடம்: போட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறொன்று. மடல் நிறைந்த பனை: யாரையும் அருகே விடாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. பஞ்சை அடைத்த குடுக்கை: உள்ளே போனதும் சிறுகச் சிறுக, வெளியே வருவதும் சிறுகச் சிறுக. வளைந்த தென்னை: நீர் வார்த்தவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். நம்முடன் பணியாற்றுவோர் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வரவில்லையா, தோழர்களே? நம் முகமும் எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நல்லது.

நல்லாசிரியனுக்கு அவர் கூறும் உவமைகள் நிலம், மலை, துலாக்கோல், மலர். தெளிந்த கல்வி, எடுத்துரைக்கும் வன்மை, உலகியல் அறிவு எல்லாம் வேண்டும் என்கிறார். நன்று. ஆனால் அந்தப் பட்டியலின் தலைமாட்டில் என்ன இருக்கிறது? குலம்! ஆசிரியனாக வேண்டுமானால் முதல் தகுதி பிறந்த குடியாம். தெய்வக் கொள்கையும் அடுத்து வந்து சேர்கிறது. எடைபோடும் துலாக்கோலை உவமை சொன்ன கையே, அதன் ஒரு தட்டில் பிறப்பை வைத்து அழுத்தியும் விட்டது. புலமைக்குத் தலைவணங்குவோம், இந்த ஒரு சொல்லுக்கு வணங்க மாட்டோம். 1848 இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி வைத்த சாவித்திரிபாய் புலேயை நினைத்துப் பாருங்கள். ஆதிக்கச் சாதியார் கணக்கில் அவருக்குக் குலமுமில்லை, கற்கும் உரிமையுமில்லை. முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றார். தெருவில் சாணியை எறிந்தார்கள் என்பதற்காக மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்று பாடம் நடத்தினார். பவணந்தி கேட்ட நிலத்தின் பொறுமையும் மலையின் உறுதியும் அங்கே இருந்தன. அவர் கேட்ட குலம் மட்டும் இல்லை.

அதே நன்னூலில் வேறோர் இடமுண்டு. பலர் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுக் கடந்து போகும் இடம். அதை நாம் விடப்போவதில்லை. ஒருவனுடைய கல்வி எப்படி நிறைகிறது என்று பவணந்தி கணக்குப் போடுகிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக் கொண்டாலும் கால் பங்குக்கு மேல் தேறாது. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால். மற்ற அரைப் பங்கு? பிறர்க்கு எடுத்துக் கற்பிக்கும்போதுதான் வந்து சேருமாம்.

அதாவது, பட்டம் பெற்று வெளியே வருபவன் அரைக் கல்விக்காரன். அரைப்பங்கு பாக்கி, வகுப்பறையில் காத்துக் கிடக்கிறது. கற்பிப்பது கல்வியின் முடிவு என்று நினைத்திருந்தோம். அது கல்வியின் பெரும்பாதி என்கிறது 700 ஆண்டுக்கு முந்திய நூல். குலத்தைத் தலையில் வைத்த அதே நூல்தான் இதையும் சொல்கிறது. தள்ளுவதைத் தள்ளி, கொள்ளுவதைக் கொள்ளுவது பகுத்தறிவாளர் வழக்கம் அன்றோ?

எப்படி வந்து சேருகிறது அந்த அரைப்பங்கு? ஓர் எடுத்துக்காட்டு. குற்றியலுகரம் நடத்துகிறோம். ‘நாடு’ குற்றியலுகரம், ‘பசு’ முற்றியலுகரம் என்கிறோம். ‘இரண்டும் உகரத்தில்தானே முடிகின்றன, ஒன்று மட்டும் எப்படிக் குறைந்தது?’ என்று ஒரு பிள்ளை கேட்கிறது. தனிக்குற்றெழுத்தை அடுத்து வந்தால் குறையாது என்ற விதி நமக்குத் தெரியும். அதைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது விதியை அன்று, ஒலியை. ‘பசு என்று சொல், உதடு குவிகிறதா? நாடு என்று சொல், அவ்வளவு குவிகிறதா? இனி இல்லை என்ற சொல்லைச் சேர். பசுவில்லை, நாடில்லை. ஓரிடத்தில் உகரம் நிலைத்து நின்று வகரத்தைத் துணைக்கு அழைக்கிறது, மற்றோரிடத்தில் ஓடியே போய்விட்டது, பார்த்தாயா?’ என்று சொல்லிக் காட்ட வேண்டுமானால், நாமே முதலில் நம் உதட்டைக் கவனித்திருக்க வேண்டும். கல்லூரியில் மூன்றாண்டு படித்தபோது கவனிக்காத உதடு அது!

நிரவி ஆசிரியருக்கு அந்த அரைப்பங்கு 37 ஆண்டுகளில் கிடைத்தது. ஆனால் நடுவில் இருக்கும் கால்பங்கு, உடன் பயில்வோரால் வரும் கால்பங்கு, அது அவருக்கு வாய்த்த விதம்தான் விந்தை. அதைச் சொல்வதற்கு முன் புதுவையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரான்சின் கொடி பறந்த ஊர் இது. ஆனால் ஊரின் நடுவே ஒரு கால்வாய். கடலை ஒட்டி வெள்ளையர் பகுதி, மேற்கே கறுப்பர் பகுதி. 1826 இல் அரசர் பெயரால் கல்லூரி எழுந்தது. 1827 இல் பொது நூலகம் எழுந்தது. பொது என்பது பெயர். முதல் பத்தாண்டு வெள்ளையர்க்கே அது பொது. 1837 இல்தான் நம்மவர்க்குக் கதவு திறந்தது. பின், 1877 இல், கல்வே சுப்பராயச் செட்டியார் என்ற தமிழ்ச் செல்வரின் கொடையால் ஒரு கல்லூரி எழுந்தது. மிஷன் வீதியில் இன்றும் அரசு மேல்நிலைப் பள்ளியாக நிற்கும் அந்தக் கல்வே கல்லூரியில்தான் சுப்புரத்தினம் தமிழ் கற்றார். கால்வாய்க்கு மேற்கே இருந்தவர்களுக்கு அறிவு தானாக வரவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது.

அந்த ஊருக்கு 1908 இல் ஆங்கில அரசின் பிடியிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார் சுப்பிரமணிய பாரதி. அவரும் ஒருகாலத்தில் வாத்தியாராக இருந்தவரே. 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம். ஒரு திருமண வீட்டில், அவையில் இருப்பவர் யார் என்று அறியாமல் சுப்புரத்தினம் பாரதியின் பாட்டையே பாடினார் என்றும், உணர்ந்து பாடியதைக் கண்டு பாரதி நெருங்கினார் என்றும் வரலாறு கூறும்.

இருவரும் எதிரெதிர் நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இலக்கணக் கடலைக் குடித்தவர், அரசாங்கத் தமிழாசிரியர், தேர்வில் முதல்வர். மற்றவர் நாடு கடந்து வந்தவர், நாளைய சோற்றுக்கு வழி தெரியாதவர், பண்டிதர் பலரால் புலவர் என்று மதிக்கப்படாதவர். தகுதிச் சான்றைப் பார்த்தால் யார் யாரிடம் கற்க வேண்டும்? ஆனால் ஆசிரியர் மாணவரானார். அது மட்டுமா? தன் பெயரையே பாரதிக்கு அடிமை என்று எழுதினார். அடிமை என்ற சொல் நமக்கு உவப்பானதன்று. எனினும் அந்தச் சொல்லின் அடியில் கிடக்கும் பணிவு யாருக்கு வரும்? பட்டம் பெற்ற தமிழாசிரியன் ஒருவன், தனக்குத் தெரிந்த தமிழ் போதாது என்று ஊரறிய ஒப்புக்கொண்ட கையெழுத்து அது.

அவர் கற்றது என்ன? எளிமை. 1912 இல் பாஞ்சாலி சபதத்தின் முற்பகுதியை வெளியிட்டபோது, சொல்லும் நடையும் சந்தமும் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி இருக்க வேண்டும் என்று முன்னுரையில் பாரதி வாதாடினார். புலவர் மரபில் வந்தவர்க்கு இது இலேசான பாடமன்று. கடினமாக எழுதுவதே கல்விக்கு அடையாளம் என்று பழகிய கை, அவிழ்த்தெறிய வேண்டிய பாடம் அது. புதியதைக் கற்பது எளிது. கற்றதை மறந்து கற்பதுதான் முதுகெலும்பு நோகும் வேலை. சுப்புரத்தினம் செய்தார். பிற்காலத்து அவர் எழுத்தில் தெரியும் ஒளி, இலக்கணம் தெரிந்தவனின் எளிமை. பிழை மலிந்த எளிமைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, கோணல் கோட்டுக்கும் கைதேர்ந்தவன் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு.

இத்தோடு நின்றிருந்தால் கூட அவரைப் பாராட்டலாம். நிற்கவில்லை.

1926 இல் அவர் வெளியிட்ட நூல் மயிலம் முருகன் மீது பாடிய துதியமுது. சைவம் பயின்ற நெஞ்சிலிருந்து வந்த பாட்டு. அப்போது வயது 35. ஆசிரியப் பணியில் 17 ஆண்டு. நம்மில் பலர் அந்த வயதில், அந்தப் பதவி மூப்பில், எதையும் மாற்றிக் கொள்ளத் தேவையில்லை என்ற திண்ணையில் திண்டு போட்டுச் சாய்ந்துவிடுவோம். அவரோ தன்மான இயக்கத்தின் கேள்விகளை எதிர்கொண்டார். சில ஆண்டுகளுக்குள் அவர் பாட்டே திசை மாறியது. 1930 இல் சஞ்சீவி பர்வதத்தின் சாரல். 1933 இறுதியில் சென்னையில் சிங்காரவேலர் தலைமையில் கூடிய நாத்திகர் மாநாட்டில் கலந்துகொண்டு, தாம் நாத்திகரே என்று எழுதிக் கையெழுத்திட்டார். கைக்குழந்தை முதல் காதில் விழுந்ததை, புலவர் கற்பித்ததை, தானே அச்சிட்டு விற்றதை மறு ஆய்வுக்கு எடுத்து, ஏற்க முடியாததை வெளிப்படையாகக் கைவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த முடிவை ஏற்காதவர்களும் இருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் நேற்றுவரை கற்பித்ததை இன்று சோதித்துப் பார்க்கும் நெஞ்சுரம் ஓர் ஆசிரியனுக்கு வேண்டுமா, வேண்டாமா? பிள்ளைகளிடம் ‘சிந்தித்துப் பார்’ என்று சொல்ல, சிந்தித்து ஒருமுறையேனும் மாறியிருப்பவனைத் தவிர வேறு யாருக்கு வாயுண்டு?

இவ்வளவையும் அவர் செய்தது அரசாங்கச் சம்பளம் வாங்கிக் கொண்டே என்பதை மறக்கக் கூடாது. 1920 இல் விடுதலை உணர்ச்சி பொங்கிய நாளில் கதர்த் துணியைத் தோளில் சுமந்து விற்றவர் அந்த அரசாங்க ஊழியர். ஏடுகளில் எழுதக் கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் புனைபெயர்கள் வேண்டியிருந்தன. ஊர் ஊராக மாற்றல்களும் வந்தன. மாற்றல் ஆணை எந்தக் காலத்திலும் ஆசிரியனை அடக்கும் மூக்கணாங்கயிறுதானே! ஆனால் அந்த மாற்றல்களிலும் ஒரு நன்மை விளைந்தது. அவரைப் பல ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

வில்லியனூர்ப் பள்ளியில் பார்த்த ஒரு சிறுவன், 1915 இல் பிறந்தவன், வளர்ந்து வாணிதாசன் ஆனான். மன்னிக்கவும், ஆனார். இயற்கையைப் பாடிய அந்தப் பாவலரும் ஆசிரியர்தான். 34 ஆண்டு கற்பித்தவர். தமிழச்சி, கொடிமுல்லை என்று காவியங்கள் தந்தவர். தமிழ் – பிரெஞ்சு கையகராதி ஒன்றையும் உழைத்துத் தொகுத்தவர். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியர் விருதளித்தது. ஆசிரியரைப் போலவே எழுதவில்லை என்பது அவர் பெருமை. ஆசிரியரின் பெருமையும் அதுவே. நகல் எடுக்கும் மாணவனை உண்டாக்குவது அச்சுப்பொறியின் வேலை.

பாரதிதாசன் வகுப்பறையில் கற்றது நூல்களில் எங்கே தெரிகிறது என்று கேட்பீர்கள். சிறுவர்க்கென்று அவர் எழுதிய இளைஞர் இலக்கியத்தைப் புரட்டுங்கள். 1942 இன் குடும்ப விளக்கு, 1944 இன் இருண்ட வீடு இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். கல்வி புகுந்த வீடு எப்படி இருக்கும், புகாத வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள் அவை. இருண்ட வீட்டில் நோய்க்கு மந்திரவாதியைத் தேடும் மடமையையும், பிள்ளை வளர்க்கத் தெரியாத பெற்றோரையும் சிரிக்கச் சிரிக்கக் காட்டுகிறார். நம் கருத்து இது: தினம் காலையில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அதன் வீடு எப்படிப்பட்டது என்று 30 ஆண்டுக்கு மேல் கணக்கிட்டவன் எழுத்து அது. வீட்டிலிருந்து எழுதுபவனுக்கு இந்த வீடு தெரிந்திராது.

ஒரு பாரதி குடியேறும் ஊரில் பிறப்பது எல்லார்க்கும் வாய்க்காது. ‘உடன் பயில்வோர் தரும் கால்பங்குக்கு நாங்கள் எங்கே போவோம்?’ என்று கேட்கத்தான் செய்வீர்கள். இந்தக் கேள்விக்கு விடை காண, புதுவையை ஆண்ட அதே பிரான்சு ஒருமுறை முயன்றது. 1794 இல், புரட்சியின் சூடு தணியாத நாளில், நாட்டுக்கே ஆசிரியர்களை ஆக்க எக்கோல் நோர்மால் என்ற பள்ளியைப் பாரிசில் அமைக்கச் சட்டம் செய்தார்கள். 1795 சனவரியில் கதவு திறந்தது. நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 1,400 பேர். பாடம் சொன்னவர்கள் லப்லாஸ், லக்ராஞ்ச், மோன்ஜ். உலகம் அதுவரை கண்ட கணித மேதைகளின் வரிசை! எழுதி வந்ததைப் படிக்கக் கூடாது, பேச வேண்டும் என்பது அங்கே விதி. அதைவிடச் சிறந்த விதி, ஒருநாள் பாடம் என்றால் இன்னொரு நாள் மாணவர் எழுந்து கேள்வி கேட்கலாம், மறுக்கலாம்; சுருக்கெழுத்தாளர் அதையும் குறித்துக் கொள்வர். ஓசேர் என்ற ஊரில் ஆசிரியராக இருந்து மாணவராக வந்த ஃபூரியே எழுந்து, நேர்க்கோட்டுக்கு வேறோர் இலக்கணம் சொல்லி மோன்ஜோடு வாதிட்டார். வெப்பம் பரவும் விதத்தைக் கணக்கில் அடக்கிய ஃபூரியேதான் அவர்.

நான்கே மாதத்தில் பள்ளியை மூடிவிட்டார்கள். செலவு, குழப்பம், பாடம் பலருக்கு எட்டாத உயரம் என்று காரணம் பல. பவணந்தியின் கணக்கைக் கொண்டு பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. மேதைகள் தந்த கால்பங்கு இருந்தது. வாதம் தந்த கால்பங்கும் இருந்தது. அந்த 1,400 பேர் கற்பிக்க, எதிரே ஒரு பிள்ளை கூட இல்லை. அரைப்பங்கு அப்படியே விடுபட்டுப் போயிற்று. ஜப்பானியர் இதைச் சரியாகப் பிடித்தார்கள். 1872 இல் தோக்கியோவில் ஆசிரியப் பள்ளி கண்ட அவர்கள் நாட்டில், ஒரு பாடத்தைப் பலர் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் உண்மையான வகுப்பில் நடத்த, மற்றவர் பின்னால் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் குறித்து, மாலையில் உட்கார்ந்து விவாதிக்கும் வழக்கம் வேரூன்றியது. அங்கே அலசப்படுவது பாடம், ஆளை அன்று.

நம் நாட்டில்? ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தம்மை வளர்த்துக் கொள்ளும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020 இன் தேசியக் கல்விக் கொள்கை. அக்கொள்கையோடு நமக்கு வழக்குகள் பல உண்டு. இந்த எண்ணோடு வழக்கில்லை. ஆனால் 50 மணியில் என்ன நடக்கிறது? நாம் உட்கார்ந்து எழுந்த பயிற்சி வகுப்புகளைச் சொல்கிறோம். ஒருவர் திரையில் எழுத்தை ஓடவிடுகிறார். திரையில் இருப்பதையே வாய்விட்டுப் படிக்கிறார். 1795 இல் பாரிசில் தடை செய்யப்பட்டது இங்கே நடைமுறை! வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், மறுபடியும் திரை, மாலையில் சான்றிதழ். கேள்வி கேட்பவர், நேரத்தை நீட்டுபவராகப் பார்க்கப்படுகிறார். கணக்குப் போட்டால் அது கால்பங்கிலும் கால் தேறாது.

காலமோ காத்திருக்கவில்லை. புதுவை அரசுப் பள்ளிகள் 2023–24 முதல் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. பாடநூல் மாறிற்று, பல பாடங்களில் மொழியும் மாறிற்று. மாற்றம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. அதைச் சுமக்கும் பிள்ளைகள் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள், மூடிய ஆலைகளின் நிழலில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் திரும்பச் சொல்லித் தர ஆளில்லாதவர்கள். ஆசிரியர் தேங்கினால், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இழப்பில்லை. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் போகும்.

ஆகவே நம்மையொத்த இளைஞர் சிலர் கூடி ஒரு ஏற்பாடு பேசிக் கொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு பாடவேளை, ஒருவர் வகுப்பில் மற்றவர் போய்ப் பின்வரிசையில் அமர்வது. கணக்கு நடத்துபவர் தமிழ் வகுப்புக்கு வரலாம்; தமிழ் நடத்துபவர் அறிவியல் வகுப்புக்குப் போகலாம். பார்க்க வேண்டியது ஆசிரியரை அன்று. எந்தப் பிள்ளை எந்த நிமிடத்தில் கண்ணை விலக்கிச் சன்னலைப் பார்க்கத் தொடங்கியது என்பதை. பள்ளி விட்டபின் அரைமணி நேரம் அதைப் பேசுவது. குறிப்பேடு அவரவர் கையில். தலைமையாசிரியர் மேசைக்குப் போகாது. பதவி மூப்பு உள்ளவர்கள் முதலில் கூசுகிறார்கள். ‘என்னை மதிப்பிட வந்தாயா, தம்பி?’ என்கிறார்கள். ‘இல்லை ஐயா, கற்றுக்கொள்ள வந்தோம்’ என்றால் நாற்காலியைக் காட்டுகிறார்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, திரையும் தேவையில்லை. முத்தியாலுப்பேட்டையிலோ வில்லியனூரிலோ நிரவியிலோ இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர் எவரேனும் இருப்பின், அடுத்த வகுப்பின் கதவு பத்தடித் தொலைவில்தான் இருக்கிறது.